நாம் விரும்பும் படங்களும் எம்மைக் காட்டும் படங்களும்

சினிமாவைப் பற்றி எம்மவர் இருவகையாகப் பேசுவர். ஒரு சாரார் அதனைப் பேசத் தகாத பொருளெனத் தள்ளுவர். இவர்கள் கற்றோர். நாவலுக்கும் நாடகத்துக்கும் ஆய்வரங்கு வைப்பர். ஆயின், மாலையானதும் படலையைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சித் தொடரின் முன் அமர்வர். மறு சாரார் நடிகனைத் தெய்வமாக்கி, அவன் உருவத்துக்குப் பாலூற்றி, அவன் படத்தைக் குறை கூறுபவனோடு கைகலப்புக்கும் தயாராவர். முதற் சாராரிடம் விமரிசனம் உண்டு. விருப்பத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மை இல்லை. இரண்டாம் சாராரிடம் விருப்பம் உண்டு, விமரிசனம் இல்லை. நாம் இவ்விரண்டிலும் சேராதவர். நாம் இரசிகர். விரும்பியதை விரும்பினோம் என்று சொல்லவும், ஏன் விரும்பினோம் என்பதற்குக் காரணம் காட்டவும் கடமைப்பட்டவர். அக்கடமையை ஓரளவேனும் நிறைவேற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது ஊர் புங்குடுதீவு. தீவான் என்று குடாநாட்டார் எம்மை இளக்காரமாக அழைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தீவானுக்குச் சினிமா முதலிற் கண்வழி வரவில்லை, காதுவழி வந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பாட்டைத் தந்தது. ஒலிச்சித்திரம் வசனத்தைத் தந்தது. பாட்டுப் புத்தகம் கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையிற் காணும்படி பணித்தது. அந்த மீதியைக் காண, வாணர் தாம்போதியைக் கடந்து, வேலணையையும் அல்லைப்பிட்டியையும் மண்டைதீவுச் சந்தியையும் தாண்டி, பண்ணைப் பாலம் வழியே யாழ்ப்பாணம் போகவேண்டும். வின்சரும் ராஜாவும் மனோகராவும் வெலிங்டனும் றீகலும் அங்குதான் இருந்தன. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு பஸ் நிலையத்திலேதான். ஆகவே தீவு இரசிகன் ஒரு படத்தைப் பார்ப்பதற்கு முன்னரே அதனைப் பலமுறை மனத்தில் ஓட்டிவிடுவான். அவன் ஓட்டிய படத்துக்கும் திரையில் ஓடிய படத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடே அவனுடைய முதல் விமரிசனப் பயிற்சி என்பது எமது துணிபு.

திரையில் ஓடியவற்றிற் பெரும்பாலானவை சென்னையில் எடுக்கப்பட்டவை. அவை எமக்கு எதுவும் தரவில்லை என்று சொல்வது நன்றி கொன்ற பேச்சு. 1952 இல் வெளிவந்த ‘பராசக்தி’ கோயிலையும் நீதிமன்றத்தையும் கேள்வி கேட்கலாம் என்று பாமரனுக்குக் கற்பித்தது. அதே வேளை, 1960 இல் நிமாய் கோஷ் இயக்கத்தில், எம். பி. ஸ்ரீநிவாசன் இசையில், பொதுவுடைமை இயக்கத்தோடு உறவுடையோர் முயற்சியால் உருவான ‘பாதை தெரியுது பார்’ என்ற படத்தை எத்தனை பேர் அறிவர்? தொழிலாளி தானே தன் பாதையைக் காண்பான் என்று சொல்லிய படம் அது. பாதை காட்ட ஒரு நாயகன் வருவான் என்று சொல்லிய படங்கள் ஓடின, அது ஓடவில்லை. தமிழ்ச் சினிமாவின் வரலாறு ஏறக்குறைய இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இதனை விளக்க எமது கரைக்கு நெருங்கிய ஓர் உதாரணம் உண்டு. 1964 இல் எம். ஜி. ஆர். நடித்த ‘படகோட்டி’ வெளிவந்தது. இரண்டு மீனவக் குப்பங்கள் பகைமை கொண்டுள்ளன. பகையை வளர்ப்பவன் இருவரையும் சுரண்டிப் பிழைக்கும் முதலாளி. நல்ல கருத்துத்தான், இதிலே வர்க்கப் பார்வை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. கடலுக்குப் போவோரின் துயரை அப்படத்தின் பாடல்கள் போல் சனங்களின் வாயில் ஏற்றிய பிரசாரம் வேறில்லை. நாம் இன்றும் அப்பாடல்களைக் கேட்டால் நின்று கேட்கிறோம். ஆயினும் படத்தின் தீர்வு என்ன? நாயகன் ஒருவனின் பலமும் நல்லெண்ணமும். அவன் இல்லாவிடில் குப்பத்தார் என்றும் அடித்துக்கொண்டே இருப்பர். கடலில் நாளும் உயிரைப் பணயம் வைக்கும் மனிதருக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்பதே இதன் உட்பொருள்.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இதே படத்தை இதே ஆரவாரத்தோடு மீனவர் பார்த்தனர். இன்று அந்நீரிணையின் நடுவே இழுவைப் படகு நிற்கிறது. இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்ல, நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எமது தீவிலும் சிறுவலை போடுபவன் கிழிந்த வலையோடு கரை திரும்புகிறான். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது, தொழில் நின்றபாடில்லை. அப்படகுகளிற் கூலிக்கு வருபவனும் எம்மைப் போன்ற ஏழைத் தமிழன். பிடிபட்டுச் சிறையிற் கிடப்பவன் அவன். படகின் முதலாளி கரையில் இருக்கிறான். இரண்டு குப்பங்களும் மோதுகின்றன, இலாபம் மூன்றாமவனுக்கு. ‘படகோட்டி’யின் கதை மீண்டும் நடக்கிறது, எம். ஜி. ஆர். வரவில்லை, வரவும் மாட்டார். நாயகனுக்காகக் காத்திருக்கப் பழக்கிய கலை, நாயகன் வராத நாளில் மக்களை வெறுங்கையோடு விட்டுவிடுகிறது.

இதற்கு மாறான கடலையும் நாம் திரையிற் கண்டோம். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1973 இல் வெளிவந்தது. நெடுந்தீவின் கரைக்கு வாடைக் காலத்தில் தொழிலுக்கு வந்து வாடி அமைக்கும் மீனவரின் கதை அது. 1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் அதனைப் படமாக்கினார். தொழில்நுட்பத்தில் அப்படம் சென்னைப் படங்களுக்கு ஈடாகாது. சில இடங்களில் நாடக மேடையின் வாடை அடிக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அதிலே காற்றுக்குப் பெயர் உண்டு. வாடை எப்போது எழும், சோளகம் எப்போது பெயரும் என்பதைப் பொறுத்துத்தான் மனிதர் சேர்வதும் பிரிவதும் நடக்கும். தொழில் இங்கே திரைச்சீலை அன்று. கதையை நடத்தும் விசை. கே. எஸ். பாலச்சந்திரன் முதலானோர் எமது பேச்சைப் பேசியபோது படமாளிகையில் எழுந்த சிரிப்பு, கேலிச் சிரிப்பன்று. தன்னைத் தானே கண்ணாடியிற் கண்டவனின் சிரிப்பு. பின்னாளில் ‘தெனாலி’ போன்ற படங்களில் ஈழத் தமிழ் வேடிக்கைப் பொருளாக ஆக்கப்பட்டபோதும் எம்மவர் சிரித்தனர். இரண்டு சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணர்பவனே இரசிகன்.

ஈழத்திலே தமிழ்ப் படம் தோன்றிய கதை நீண்டது. 1962 இல் ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றர்ப் படமாக வந்தது. அதனையடுத்து மலையகத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ‘தோட்டக்காரி’ வந்தது. 1970 இல் இடதுசாரிகள் பங்குகொண்ட அரசு பதவியேற்று, 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே எமது படங்களுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. அதே ஆண்டில் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ வெளிவந்தது. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் விலைபெற்ற காலம் அது. உழவனின் விளைபொருளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, கலைஞனின் படைப்புக்கும் சிறிது கிடைத்தது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து நோக்குவோர் எம்மிடையே குறைவு.

இப்படங்களுள் எமக்கு மிகப் பிரியமானது எது என்று கேட்டால், சற்றும் தயங்காமல் ‘பொன்மணி’ என்போம்.

1977 இல் வெளிவந்த இப்படத்தின் திரைக்கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. எமது தீவகத்தின் ஊர்காவற்றுறையைப் பெயரிலே சுமந்த எழுத்தாளர். இயக்கியவர் தர்மசேன பத்திராஜா, சிங்களவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். சர்வமங்களம் கைலாசபதி, சித்திரலேகா மௌனகுரு முதலிய, சினிமாவையே தொழிலாகக் கொள்ளாதவர்கள் அதில் நடித்தனர். கதை எளிது. சீர் குன்றிய உயர்சாதிக் குடும்பம் ஒன்று. சீதனம் இல்லாமையால் மணமாகாதிருக்கும் மூத்தவள். இளையவள் பொன்மணி வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்பி அவனோடு போகிறாள். அக்குற்றத்துக்கு அவள் கொடுக்கும் விலை உயிர்.

இப்படத்தை ஏன் விரும்புகிறோம்? முதலாவது, இதில் வில்லன் இல்லை. ‘படகோட்டி’யிற் போல் ஒருவனை அடித்துவிட்டால் தீர்ந்துவிடும் தீமையன்று இங்கே காட்டப்படுவது. தந்தை கொடியவரல்லர், தாய் கொடியவளல்லள், ஊரார் எம்மைப் போன்றவர்கள். அந்த நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் ஒரு பெண்ணைச் சாகவிடுகிறார்கள். இரண்டாவது, அதன் மௌனம். யாழ்ப்பாணத்து வீட்டிலே முக்கியமான விடயங்கள் பேசப்படுவதில்லை. விறாந்தையிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கும் நடந்து திரியும் ஒரு குமர்ப்பெண்ணின் நடையிலேயே எல்லாம் சொல்லப்பட்டுவிடும். அந்த நடையைக் கமரா பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, எமது சமூகத்தின் மிக அந்தரங்கமான நோயைக் காட்ட ஒரு சிங்களக் கலைஞன் வந்து, தமிழ் எழுத்தாளனோடு தோளிணைந்து நின்றமை. அவன் எம்மைப் பழிக்க வரவில்லை. எம்மோடு சேர்ந்து வெட்கப்பட வந்தான்.

‘பொன்மணி’ வணிகத்தில் தோற்றது. படம் மெதுவாக நகர்கிறது, சோர்வு தருகிறது என்றனர். நாம் இதனை முழுதாக மறுக்கவில்லை. சில காட்சிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஆனால் தோல்விக்குக் காரணம் அதுமட்டும் என்று நம்ப எம்மால் இயலாது. அப்படம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1971 இல், எமது புங்குடுதீவிலேயே ஒரு போராட்டம் நடந்தது. கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் அள்ள வேண்டும் என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்தார். மார்க்சியரோடு கொள்கையிற் கடுமையாக மாறுபட்டவர் அவர். ஆயினும் குடிநீருக்காக நின்ற அந்த நாளில் அவர் நின்ற இடமே சரியான இடம். பொலிசாரின் அடியும் சிறையும் அவருக்குக் கிடைத்த பரிசு. 1973 இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே அவர் மறைந்தார். உவர்நீர் சூழ்ந்த தீவிலே ஒரு வாளி நன்னீருக்குச் சாதி கேட்ட சமூகம், ‘பொன்மணி’யைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் என்று எவ்வாறு எதிர்பார்க்கலாம்? கண்ணாடி உண்மையைக் காட்டியது. அதனால் அதனைச் சுவருக்குத் திருப்பி வைத்தனர்.

இனித் தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். கற்றோர் முகஞ்சுளிக்க வேண்டாம். அவர்கள் வீட்டிலும் ஓடியதைத்தான் சொல்கிறோம். 1999 இல் ‘சித்தி’ தொடங்கியது. 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ ஓடியது. 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’. ரொறன்ரோவிலும் பாரிசிலும் எமது ஊரவர் பார்த்த அதே கண்ணீரை, ஊரிலே தனித்துவிடப்பட்ட தாய்மாரும் பார்த்தனர். தொலைபேசியிலே மகளோடு பேச வேறு விடயம் அற்றுப்போன தாய்க்கு, சரோஜாவின் மாமியார் இன்று என்ன செய்தாள் என்பது ஒரு விடயம். இத்தொண்டைச் சிறிதென்று நாம் எண்ணவில்லை.

‘மெட்டி ஒலி’யை நாமும் விரும்பியே பார்த்தோம். தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கரைசேர்க்கும் தந்தையின் கதை. அயல்வீட்டு ஆச்சி ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு எம்மிடம் சொன்னார்: “உது எங்கட வீட்டுக் கதை, தம்பி. அஞ்சு குமரும் இருந்த வீட்டிலை நெருப்பு எரியேல்லை, நாங்கள்தான் எரிஞ்சம்.” இதனைவிடச் சிறந்த விமரிசனத்தை நாம் எழுதிவிட முடியாது. ஆனால் ஆச்சியின் வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கேதான் எமது கேள்வி தொடங்குகிறது. நாளுக்கு அரைமணி நேரமாக ஆண்டுக்கணக்கில் அழுத அத்தொடர், அழுகைக்குக் காரணமான முறையைப் பற்றி எவ்வளவு கேட்டது? கெட்ட மாமியார் திருந்தினால், கெட்ட மருமகன் திருந்தினால், யாவும் நலமாம். சீதனம் என்னும் சந்தை அப்படியே இருக்கும். அதிலே நல்ல வியாபாரிகள் வந்தாற் போதும். ‘பொன்மணி’யிலும் கரைசேராத பெண் உண்டு. ஆனால் அது யாரையும் திருத்தி எம்மை ஆறுதலாக வீட்டுக்கு அனுப்பவில்லை. தொடர் எமது கண்ணீரைத் துடைத்து மறுநாள் மீண்டும் வரச் சொல்கிறது. படம் கண்ணீருக்கு இடம் வைக்காமல் எம்மைச் சிந்திக்க விட்டுவிடுகிறது. எமது ஊரிலே சீதனம் ஒழியவில்லை. நாணயம்தான் மாறியது, ரூபாவில் எண்ணியது பிராங்கிலும் டொலரிலும் எண்ணப்பட்டது. இந்நிலையில் ஆறுதல் எவ்வளவு, கேள்வி எவ்வளவு என்று ஒரு கலையை எடைபோடுவது எம் போன்றோர்க்கு வெறும் அழகியற் பொழுதுபோக்காகாது.

பார்ப்பவனின் வாழ்வு படத்தையே மாற்றிவிடும் என்பதற்குப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ சான்று. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த அவர் 1988 இல் சென்னையில் எடுத்த படம் அது. நடுத்தர வர்க்கப் பெண் ஒருத்தி கடன்பட்டு, நகை விற்று, ஏமாற்றுக்காரரோடு போராடி ஒரு சிறு வீடு கட்டுகிறாள். பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்த்த கிழவர் இறந்துபோகிறார். பின்னர், அந்நிலம் அரசுத் தேவைக்கு எடுக்கப்பட்டது என்கின்றனர் அதிகாரிகள். சென்னை இரசிகன் இதனை நடுத்தர வர்க்கத்தின் அவலமெனக் கண்டிருப்பான். எமக்கு அது வேறு படம். 1990 இல் தீவகத்தில் இராணுவம் இறங்கியபோது எமது சனம் கையிற் கிடைத்ததோடு ஓடியது. மீண்டு வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. நடுவீட்டிலே ஆல் முளைத்திருந்தது. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து, இரவு பகல் உழைத்துக் கட்டிய கல்வீடுகள் அவை. இன்றும் எமது ஒழுங்கைகளில் ஆளில்லாச் சுவர்கள் நிற்கின்றன. அக்கிழவர் சுவரைத் தடவும் காட்சியை இத்தீவிலே யாரும் கதையாகப் பார்ப்பதில்லை. ஈழத்துக் களத்தைத் தொடாமலே ஈழத்தவன் ஒருவன் எமது படத்தை எடுத்துவிட்டான் என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.

அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்த ‘தீபன்’ 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. எமது பஸ் நாளும் கடந்துசெல்லும் ஊரின் பிள்ளை உலகத் திரையில் தமிழிலே பேசியதில் எமக்குப் பெருமை உண்டு. இறந்தவர்களின் கடவுச்சீட்டில் மூன்று அந்நியர் குடும்பமாக வேடமிட்டுப் பிரான்சு சேரும் முற்பகுதி, அகதி வாழ்வைப் பற்றி நாம் கண்டவற்றுட் தலைசிறந்தது. ஆயின், முடிவிலே இயக்குநர் ஜாக் ஒடியார் அம்மனிதனின் கையில் மீண்டும் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறார். வாசல் கூட்டிப் பிழைக்கக் கற்ற மனிதனைவிடச் சண்டைபோடும் மனிதனே மேல்நாட்டுத் திரைக்கும் வேண்டியிருக்கிறது. நாயக மோகம் சென்னைக்கு மட்டும் உரியதன்று போலும்.

எமது பட்டியலில் ஒரு சிங்களப் படமும் உண்டு. பிரசன்ன விதானகே 1997 இல் இயக்கிய ‘புரஹந்த களுவர’. போரிலே மாண்டான் என்று முத்திரையிட்டு அனுப்பப்பட்ட பெட்டியில் தன் மகன் இருக்கிறான் என்பதை நம்ப மறுக்கும் பார்வையற்ற கிழவர் ஒருவரின் கதை. அரசு இதனைத் திரையிட விடாது தடுத்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே 2001 இல் அது இலங்கைத் திரைக்கு வந்தது. காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்து வீதியோரம் அமர்ந்திருக்கும் எமது தாய்மாரும், அந்தச் சிங்களக் கிழவரும் ஒரே கேள்வியையே கேட்கின்றனர்: என் பிள்ளை எங்கே? இக்கேள்வியை அரசுகள் தனித்தனி மொழியிற் பிரித்து வைக்கின்றன. நல்ல கலை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது.

சேர்த்தவர்களை அழித்ததும் எமது வரலாறுதான். 1983 யூலையில் சினிமாஸ் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். முதலாவது சிங்களப் பேசும் படத்தையே 1947 இல் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர் என்பதை எரித்தவர்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்கள். பத்திராஜாவும் 2018 இல் மறைந்துவிட்டார்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கத் தொடங்கியது நற்செய்தி. ஆனால் விழா நகரத்தோடு நின்றுவிடலாகாது. பாடசாலை மண்டபத்திலும் சனசமூக நிலையத்திலும் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி ‘பொன்மணி’யைப் போடுங்கள். படம் முடிந்தபின் விளக்கைப் போட்டு, சனத்தைப் பேசவிடுங்கள். பேச்சு சண்டையாக முடிந்தால் அஞ்சவேண்டாம். கிணற்றடியில் நடக்கவேண்டிய சண்டையைவிட அது நன்று. ஊரிலே எவர் பெட்டியிலேனும் பழைய பாட்டுப் புத்தகமோ விளம்பரத் துண்டோ இருந்தால் கறையானுக்குக் கொடாமல் வாங்கி வையுங்கள். எமது சினிமாவின் வரலாறு இன்று பெரும்பாலும் அத்தகைய பெட்டிகளிலேதான் இருக்கிறது.

‘படகோட்டி’யின் பாட்டைப் பாடவேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம், நாமே பாடுகிறோம். ‘மெட்டி ஒலி’க்கு அழவேண்டாம் என்றும் சொல்லமாட்டோம். பாடியபின், அழுதபின் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இது எம்மை யாராகக் காட்டியது? அக்கேள்வியைக் கேட்கும் இரசிகர் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால், நல்ல படம் எடுப்பவனுக்கு அடுத்த முறை ஒரு காரணம் இருக்கும்.